சந்தேகம் தீராமலே சாப்பிடப் போகலாம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர். வயது 27, வங்கியில் வேலை. கல்லூரி நாட்களில் கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்ற தொந்தரவு இருந்தது. டாக்டர் ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் சரிபார்ப்பும் சுற்றிச் சுற்றி வருகிற வியாதி) என்றார். மாத்திரையில் குறைந்தது, ஆறு மாதத்தில் இவராகவே நிறுத்திவிட்டார். இப்போது குழந்தை பிறந்து நாலு மாதம். பிள்ளையைத் தூக்கினால் ‘கீழே போட்டுவிடுவேனோ, வேண்டுமென்றே போட்டுவிடுவேனோ’ என்று ஓர் எண்ணம். அரிவாள்மனை கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கோயிலில் நின்றால் வாயால் சொல்லக் கூசுகிற நினைப்பு. ராத்திரி இரண்டு மணி வரை போனில் தேடுகிறார். மனைவியிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை “நான் அப்படிச் செய்யமாட்டேன்ல?” என்று கேட்கிறார். கடைசியில் என்னிடம் கேட்டது இது: “அண்ணாச்சி, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நூற்றுக்கு நூறு உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்லுங்கள். அது மட்டும் தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.”

வழி இல்லை, தம்பி. அந்த வழியைத் தேடித்தான் நான் ஏழு வருடத்தைத் தொலைத்தேன்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருந்துக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன். எனக்கும் இதே வியாதி. மருந்து கொடுக்கிறவனுக்குச் சரிபார்க்கும் வியாதி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1998 ஐப்பசி, அடைமழை. கடையை அடைக்கையில் மணி ஒன்பதேகால். பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை, மத்தியானம் வந்துபோன பத்தமடைப் பெரியம்மாவின் முகம் வந்து நின்றது. பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை வாங்கிப் போனவர். பக்கத்துப் பெட்டியில் இருந்த சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேனோ? சர்க்கரை இல்லாத வயதான உடம்புக்கு அது போனால் ராத்திரியோடு ராத்திரியாகச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும். இது எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. ஷட்டரைத் திறந்து பெட்டியில் இருந்த அட்டைகளை எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்புறம் டி.வி.எஸ். 50ஐக் கிளப்பினேன்.

மருந்துச் சீட்டில் இருந்த பெயரும் ஊரும் மட்டும்தான் ஞாபகம். பத்தமடையில் டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கையில் பத்தரை. பாய் முடைகிற வீடு, திண்ணையில் கோரைக் கட்டு சாய்த்து வைத்திருந்தது. பெரியம்மா எழுந்து வந்து, “என்ன வாப்பா, இந்த மழையில?” என்றார். ஏதோ சாக்குச் சொன்னேன். மாத்திரையை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அட்டையை வாங்கி, குண்டு பல்பு வெளிச்சத்தில் வெள்ளித் தாளைத் திருப்பிப் படித்தேன். பெயர், மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதித் தேதி. எல்லாம் சரி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பால் சுத்தமல்லி விலக்கு வரைக்கும்தான் தாங்கியது. கொடுத்தது இரண்டு அட்டை, பார்த்தது ஒன்று.

திரும்பிப் போனேன். மறுபடி தட்டினேன். இரண்டாவது அட்டையையும் கொண்டுவந்து காட்டினார். கோபப்படவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒனக்குத்தான் வாப்பா மாத்திரை வேணும் போலிருக்கு” என்றார். கிண்டல் இல்லை அதில். வீட்டுக்கு வந்து ஈரத்தோடு படுத்துக் கண்ணை மூடினேன், அடுத்தது வந்தது: கம்பெனியிலேயே அட்டை மாறி அச்சாகியிருந்தால்?

மறு வாரம் டாக்டரிடம் போனேன்.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் கேட்ட உறுதி எனக்கு முழுசாகவே கிடைத்தது. கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்படியும் எட்டு மைல் தாங்கவில்லை. நம் பக்கத்தில் கந்துவட்டி தெரியும் இல்லையா? காலையில் வாங்கினால் சாயங்காலம் ஆள் வாசலில் நிற்பான், அடைக்க அடைக்க அசல் அப்படியே இருக்கும். நீங்கள் தங்கச்சியிடம் (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) கேட்டு வாங்குகிற “மாட்டீங்க” அந்த ரகம். வாங்கிய நிமிடத்தில் நிம்மதி, அடுத்த தவணைக்கு இன்னும் பெரிய தொகை.

சரிபார்க்கச் சரிபார்க்க ஞாபகமே கெட்டுப்போகிறது என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. 2003ல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இருவர் வெளியிட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. வியாதி எதுவும் இல்லாத ஆட்களை அதைத் திருகி மூடித் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசித் தடவை எந்தக் குமிழைத் தொட்டார்கள் என்ற ஞாபகம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கை விழுந்துவிட்டது. காட்சி மங்கலாகிவிட்டது என்றார்கள். வியாதி இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. ஆக, பத்துத் தடவை பார்த்தவனுக்கு ஒரு தடவை பார்த்தவனைவிடச் சந்தேகம் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த வியாதிக்குச் ‘சந்தேகப் பைத்தியம்’ என்று அர்த்தம் வருகிற பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் இப்போது எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பழைய பெயர்தான் நெருக்கமாகப் படுகிறது.

இனி உங்கள் எண்ணத்துக்கு வருவோம்.

1978ல் ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இருவர் (பின்னவர் இலங்கைக்காரர்) லண்டனில் சாதாரண ஆட்களிடம் போய், வேண்டாத கோரமான எண்ணம் உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் போல உண்டு என்றார்கள். ரயில் வருகையில் பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால், கையில் உள்ள பிள்ளையைப் போட்டுவிட்டால், கோயிலில் ஆபாசமாகக் கத்திவிட்டால், இப்படி. நோயாளிகள் சொன்னதையும் இவர்கள் சொன்னதையும் கலந்து கொடுத்தபோது எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல அனுபவசாலிகளே திணறினார்கள். அப்படியென்றால் எண்ணத்தில் வித்தியாசம் இல்லை. வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ‘இப்படியே ஆற்றில் குதித்தால்?’ என்று ஒரு கணம் வந்துபோகும். அவர்கள் அடுத்து கடையில் என்ன வாங்கவேண்டும் என்று யோசிக்கப் போய்விடுவார்கள். நீங்களும் நானும் அங்கேயே நின்று, ‘எனக்கு ஏன் வந்தது? அப்படியானால் நான் யார்?’ என்று விசாரணைக் கமிஷன் வைப்போம்.

சரி, நினைக்காமல் இருந்துவிடலாமே என்றால், அந்தக் கதை உங்களுக்கே தெரியும். மருந்து கொடுத்த வைத்தியர், குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே என்றாராம். அந்த ஆள் ஆயுசுக்கும் மருந்து குடிக்கவில்லை. 1987ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துப் பார்த்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கிய பிறகு, முதலிலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட அதிகமாக வந்தது. நம் ஊர்ப் பாட்டிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்தது என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

குழந்தை பற்றிய பயம் குறித்து ஒன்று சொல்லவேண்டும். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், காரணம் பின்னால் வரும். பிள்ளை பிறந்த மாதங்களில் இந்த வியாதி புதிதாகக் கிளம்புவதும், பழையது திரும்புவதும் தெரிந்த விஷயம். தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும். இந்த வியாதி உங்களுக்கு எது உயிரோ அதில்தான் போய்க் கடிக்கும். பக்திமானுக்குச் சாமி, தகப்பனுக்குப் பிள்ளை, எனக்கு மாத்திரை. அந்த நினைப்பு வந்து உங்களுக்கு வேர்க்கிறது, அரிவாள்மனையைப் பரண்மேல் ஏற்றுகிறீர்கள், பிள்ளையைத் தூக்காமல் ஒதுங்குகிறீர்கள். இதுதான் ஓ.சி.டி.யின் நடை. இதிலிருந்து வேறான ஆபத்து ஒன்று உண்டு, அதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். பிரசவித்த பெண் நாள்கணக்கில் தூங்காமல், யாரும் பேசாத குரல் கேட்கிறது என்றோ, பிள்ளை பிள்ளையே இல்லை, பேய் என்றோ உறுதியாக நம்பிப் பேசினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். பத்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்பதோ, முதலில் மந்திரிக்கலாம் என்பதோ கூடாது.

ஒரே தடவை என்று ஏன் சொன்னேன்? இந்தப் பத்தியை நீங்கள் படம் பிடித்து வைத்து, ராத்திரி ராத்திரி எடுத்துப் படிப்பீர்கள். அண்ணாச்சி சொல்லிவிட்டார், இது ஓ.சி.டி.தான் என்று. நாலாம் நாள், ‘எனக்கு வேர்த்ததா, நிஜமாகவே வேர்த்ததா?’ என்று அதற்குள்ளேயே ஓர் ஓட்டை கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடிக்காமல் விடமாட்டீர்கள், நம் ஆட்களுக்கு அதில் வக்கீலைவிடத் திறமை.

கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டும்தான் ஓ.சி.டி. என்று ஊரில் நினைக்கிறார்கள். ஆச்சி ஒருத்தி நாலு தடவை கை கழுவினால் ‘சுத்தக்காரி’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். உள்ளுக்குள் நடப்பது யார் கண்ணிலும் படாது. கெட்ட எண்ணம் வந்ததும் மனதுக்குள் ‘முருகா முருகா’ என்று பன்னிரண்டு தடவை சொல்வது. நேற்றுப் பிள்ளையைக் குளிப்பாட்டியதை ஆரம்பத்திலிருந்து சினிமா மாதிரி ஓட்டிப் பார்ப்பது. பிள்ளையைப் பார்த்து ‘எனக்குப் பாசம் வருகிறதா?’ என்று நெஞ்சைத் தட்டிச் சோதிப்பது. போனில் தேடுவது. மனைவியிடம் கேட்பது. என்னிடம் இப்போது கேட்டதும் சேர்த்தி. கை கழுவுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, தண்ணீர்ச் செலவு தவிர. எண்ணம் தானாக வருவது, அதை நிறுத்தமுடியாது. அதற்குப் பிறகு நாம் செய்கிற இந்தப் பரிகாரம் நம் கையில் இருக்கிறது. சிகிச்சை முழுக்க அந்த இடத்தில்தான்.

1966ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தார். ஒருவருக்குக் கழுவுகிற தொல்லை, இன்னொருவருக்கு உங்களைப் போலத் தெய்வ நிந்தனை எண்ணங்கள். பயப்படுவதை எதிரே கொண்டுவந்து வைப்பது, பரிகாரத்தைச் செய்யவிடாமல் கூடவே இருப்பது. இரண்டு பேருமே தேறினார்கள். அதுவரை இந்த வியாதி ஆறாது என்றே பல மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். இன்றைக்கும் இதற்கு முதல் வரிசைச் சிகிச்சை இதுதான். ஈ.ஆர்.பி. என்பார்கள். எதிர்கொள்வது, ஆனால் பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி இருக்கும் என்று என் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். டாக்டர் முதலில் ஒரு படிக்கட்டு போடச் சொன்னார். கீழ்ப்படி, இருமல் மருந்து விற்றுவிட்டுப் பில்லை மறுபடி பார்க்காமல் இருப்பது. நடுவில், பிரஷர் மாத்திரை. மேல்படி, குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. எல்லாவற்றிலும் விதி ஒன்றுதான்: கொடுக்கும்போது ஒரு தடவை சீட்டையும் அட்டையையும் ஒத்துப் பார், எந்த மருந்துக் கடைக்காரனும் பார்ப்பதுபோல. அதற்கப்புறம் கிடையாது. முதல் நாள் இருமல் மருந்துக்கே கை நடுங்கியது. ‘தப்பாகக் கொடுத்திருப்பாயோ?’ என்று வரும். ‘கொடுத்திருக்கலாம்’ என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கவேண்டும். ‘கொடுத்திருக்கமாட்டேன்’ என்று சொன்னால் தர்க்கம் ஆரம்பமாகிவிடும், அதில் எனக்கு ஒருநாளும் ஜெயம் கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு நாள், மூடும் நேரத்தில்தான் ஞாபகம் வந்தது, மத்தியானத்திலிருந்து ஒன்றையும் எண்ணிப் பார்க்கவில்லை என்று. பயம் போயிருந்தது என்று சொல்லவில்லை. பயத்தோடேயே வேலை நடந்திருந்தது. பதற்றம் இறங்கியே ஆகவேண்டும் என்று முன்பெல்லாம் மணிபார்த்து உட்காரச் சொல்வார்கள். இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, அது இருக்கும்போதே சாப்பாடு இறங்குகிறது, வேலை ஓடுகிறது என்பதை மனசு கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று இப்போது சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான்.

உங்கள் படிக்கட்டு இப்படி இருக்கலாம்: தங்கச்சி பக்கத்தில் இருக்கையில் பிள்ளையைத் தூக்குவது, தனியாகத் தூக்குவது, குளிப்பாட்டுவது, அரிவாள்மனையைப் பரணிலிருந்து இறக்கிப் பழைய இடத்தில் வைப்பது, அதே அறையில் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருப்பது. ஊரில் எல்லாத் தகப்பனும் செய்கிற காரியம்தான், அதற்கு மேல் சர்க்கஸ் எதுவும் வேண்டாம். பிள்ளை விஷயம் என்பதால் இதை நீங்களாக ஆரம்பிக்காமல், தெரிந்த ஆளை வைத்துப் படி பிரித்துக்கொண்டால் நல்லது. தனியே தொடங்குகிறவர்கள் முதல் நாளே மேல்படியில் ஏறி, பயந்து, மூன்று மாதம் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

திருநெல்வேலியில் எதற்கெடுத்தாலும் “சவத்த விடுலே” என்போம். பஸ் போய்விட்டதா, சவத்த விடு. மாமன் பேசலையா, சவத்த விடு. இந்த வியாதிக்காரனிடம் வீட்டில் உள்ளவர்கள் அதையே சொல்வார்கள், அவனுக்குக் கோபம்தான் வரும். விட முடிந்தால் விடமாட்டேனா என்று. அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்தத் தொனி சரியானது என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் புரிந்தது. நாம் அதைக் கேட்டதும் எண்ணத்தைப் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறோம். சவத்தை விடுகிறவன் தள்ளுவதில்லை, பஸ் போனதை இல்லை என்று சாதிப்பதுமில்லை. அது கிடக்கட்டும் என்று டீ குடிக்கப் போகிறான்.

குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளத்தில் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில். தாமிரபரணி பெருகினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் கோயிலுக்குள் புகுந்து மேலேயும் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயிலே முழுகிவிட்டது. யாரும் போய் அணை கட்டவில்லை. வடிந்ததும் சேற்றை வழித்துக் கழுவி மறுபடி பூஜை. எனக்கு மோசமான நாள் வரும்போது அந்தக் கோயில் ஞாபகம் வரும். (எண்ணம் வரும்போதெல்லாம் கோயிலை நினை என்று இதை ஒரு மந்திரம் ஆக்கிவிடாதீர்கள். ‘இருக்கலாம்’ என்பதையே ஐம்பது தடவை சொல்லி அதையும் பரிகாரம் ஆக்கியவன் நான்.)

தங்கச்சியிடம் இந்தப் பத்தியை மட்டும் படிக்கக் கொடுங்கள். அம்மா, அவர் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்வது பாசத்தால்தான். ஆனால் அந்தப் பதில் வியாதிக்குப் போடுகிற தீனி. திடீரென்று ஒரு நாள் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் உடைந்துபோவார். இருவரும் நல்ல நேரத்தில் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, அப்புறம் இல்லை. அதற்கு மேல் கேட்டால், “இது வியாதி கேக்குது, நான் பதில் சொல்ல மாட்டேன். சோறு ஆறுது, வாங்க.” என் வீட்டில் என் மனைவி இதைச் சொன்ன முதல் நாள் நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவள் பின்னாலேயே வரவில்லை. அரைமணி நேரம் கழித்து நானாக வந்து ஆறின சோற்றைச் சாப்பிட்டேன். சந்தேகம் தீரவில்லை, பசி தீர்ந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது ஒரு கேலிப் பேச்சு.

கோயில் எண்ணத்துக்குத் தனி வைத்தியம் கிடையாது, அதே வைத்தியம்தான். எல்லாச் சாமிக்கும் பொது இது. மேலப்பாளையத்தில் இதை வஸ்வாஸ் என்பார்கள். ஒளு (தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது) செய்தது சரியா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறவரிடம், அந்தச் சந்தேகத்துக்குக் காது கொடுக்காமல் தொழப் போ என்றுதான் ஆலிம்களும் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே பாவத்தை வாராவாரம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி வந்தார். “இதை இனிமேல் இங்கே கொண்டுவராதே” என்று சாமியார் கண்டித்துச் சொன்னது அவருக்குப் பாதி வைத்தியம் ஆயிற்று. நீங்கள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். அசிங்கமான எண்ணம் வந்தால் அதையும் கூட்டிக்கொண்டே பிராகாரம் சுற்றுங்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வது ஒரு தடவை, மற்றவர்கள் போடுகிற அளவு. பொட்டல்புதூர் தர்காவுக்கோ சொரிமுத்தையனார் கோயிலுக்கோ போய்க் கும்பிட்டு வருவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதவரை.

மாத்திரை. இது என் தொழில், கொஞ்சம் அதிகம் பேசுவேன். ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் இவையெல்லாம் ஒரே குடும்பம். க்ளோமிப்ரமின் பழைய ஆள், வேலை செய்யும், ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், தலை சுற்றும். நான் அதில்தான் ஆரம்பித்தேன், பாட்டில் தண்ணீரோடேயே நடப்பேன். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓ.சி.டி.க்கு அளவு பெரும்பாலும் அதிகம் தேவைப்படும். ஃப்ளூவாக்ஸடின் 20 மில்லிகிராமில் தொடங்கி 60 வரை போவது சாதாரணம். சீட்டைப் பார்த்து ‘டாக்டர் அளவைத் தப்பாக எழுதிவிட்டாரோ’ என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் பலர். முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுக் கோளாறு, படபடப்பு வரலாம். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நம் ஆட்கள் பதினைந்தாம் நாள் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். கேட்டு நன்றாக ஆனவர்கள், நன்றாக ஆகிவிட்டதே என்று நிறுத்திவிடுவார்கள். உங்களைப் போல. குறைந்தபின்னும் ஒன்று இரண்டு வருடமாவது தொடரச் சொல்வதும், நிறுத்தும்போது படிப்படியாக டாக்டர் குறைப்பதும் காரணத்தோடுதான். இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பழைய சீட்டை வைத்துக்கொண்டு நீங்களே மறுபடி வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம், இன்றைய உடம்புக்கு இன்றைய அளவு.

இன்னொன்று. தூக்கத்துக்கென்று கொடுக்கிற அல்ப்ரஸோலம், குளோனஸிபாம் மாதிரி மாத்திரைகளை ஓ.சி.டி. மருந்து என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. அவை பதற்றத்தை அந்த நேரத்துக்கு அமுக்கும், சுழற்சியைத் தொடாது, பழக்கமாகிவிடும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. எந்தக் கடையிலாவது சும்மா கொடுத்தால் அந்தக் கடைக்கே போகாதீர்கள்.

எங்கே போவது? ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டுப் போடும் வரிசையில் நிற்கவேண்டும், மருந்து இலவசம். தனியாரும் டவுனிலும் பாளையிலும் இருக்கிறார்கள். டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “மாத்திரையோடு ஈ.ஆர்.பி. பழக்கிக் கொடுக்கிற உளவியலாளர் யாராவது உண்டா?” என்று. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, இதுதான் எனக்கு மிகப் பெரிய குறை. வெறுமனே ‘தைரியமாக இருங்கள், நல்லதை நினையுங்கள்’ என்று பேசி அனுப்புகிற கவுன்சலிங் இதற்குப் பயன்படாது. அது காசு கொடுத்து வாங்குகிற உறுதிமொழி. இங்கே கிடைக்காவிட்டால் வீடியோவில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள், பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எந்த நேரமும் பேச டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் அதற்குக் கூப்பிடுங்கள். ஆனால் அங்கேயும் “நான் செய்யமாட்டேன்ல?” என்று தினமும் கேட்கத் தொடங்கினால் அதுவும் வட்டிக் கடைதான்.

டாக்டரிடம் போகும்போது நோட்டு எடுத்துக்கொண்டு போவீர்கள், தெரியும். நான் முதல் தடவை நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு போனேன், ஒன்று விட்டுப்போனால் டாக்டர் தப்பாகக் கணித்துவிடுவார் என்று. அவர் மேல் பக்கத்தை மட்டும் படித்தார், கணிப்புச் சரியாகத்தான் இருந்தது. ஒரு தாளில் ஒரே பக்கம் எழுதுங்கள்: என்ன எண்ணம், பதிலுக்கு என்ன செய்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போகிறது, முன்பு சாப்பிட்ட மாத்திரை எது, எப்போது நிறுத்தினீர்கள். எழுதி முடித்ததும் இன்னொரு தடவை படித்துப் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.